முக்கால் நூல்

கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. இன்றும் அவர்களில் பலர் பழைய லைன் வீடுகளில் இருக்கிறார்கள். விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள்.

அப்படி ஒரு லைன் வீடு. அதில் ஒரு தாய், அவள் மகள், தாயைப் பெற்ற தாத்தா என்று மூன்று பேர். தாய் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். தாத்தா சுரங்கத்தில் தச்சு வேலை பார்த்தவர். இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

மகளுக்குக் கிட்டார் மேல் ஆசை. கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் போய்ப் பாடும் குழுவில் அவளும் வாசிக்க வேண்டும். அடுத்த லைனில் இருந்த ஒரு அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனான். போகும்போது தன் பழைய கிட்டாரை விற்றான். விலை 1,800 ரூபாய். ஆறு ஜாக்கெட் தைத்த கூலியும் சீட்டுப் பணமும் சேர்த்துத் தாய் அதை வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் ஆயிற்று. மகளின் இடது கை விரல் நுனிகள் வீங்கிவிட்டன. நடுவிரலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கம்பியை எவ்வளவு அழுத்தினாலும் ஓசை "டொக்" என்று செத்துப் போனது. கூட வாசிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நாள் கிட்டாரைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டாள்.

"எனக்கு வராதும்மா. இதை வித்துடு."

"இரண்டு மாசந்தானே ஆச்சு?"

"மத்தவங்களுக்கு வருதே. என் விரல்தான் சரியில்ல."

தாய்க்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்குக் கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினாள். "இது தேறாதும்மா. எட்டாயிரத்துக்குப் புதுசு இருக்கு, பாக்குறீங்களா?" என்றார் கடைக்காரர். எட்டாயிரம் என்றதும் தாய் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் தாத்தா கிட்டாரை மடியில் வாங்கி வைத்தார். வாசிக்கத் தெரியாது. ஆனால் மரச் சாமான் எதுவாக இருந்தாலும் தடவிப் பார்க்காமல் விடமாட்டார். கழுத்துப் பகுதியில் ஒரு கம்பியை அழுத்தினார். அழுந்தவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார்.

"இது கிட்டாரா, வில்லா? கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல எலி ஓடும் போலிருக்கே! பாப்பா, உன் விரல் மேல தப்பில்ல. கம்பி ஏறிக் கிடக்குது."

கம்பியின் உயரம்

கிட்டாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே சின்னச் சின்ன உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். இவற்றை ஃப்ரெட் என்பார்கள். வீணையில் இவற்றுக்கு மெட்டு என்று பெயர். மேலே ஆறு கம்பிகள் நீளவாக்கில் ஓடும். விரலால் கம்பியை அழுத்தினால் அது ஃப்ரெட்டைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து கம்பியின் நீளம் குறைந்துவிடும். நீளம் குறைந்தால் ஒலி உயரும். வாசிப்பு என்பது இதுதான்.

கம்பி ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? அதுதான் கம்பி உயரம். கிட்டார்காரர்கள் இதை ஆக்‌ஷன் என்று சொல்வார்கள்.

உயரம் அதிகமாக இருந்தால் விரல் அதிக தூரம் அழுத்த வேண்டும். வலிக்கும். இன்னொரு கெடுதலும் உண்டு. அதிக தூரம் அழுத்தும்போது கம்பி இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறிவிடும். சும்மா மீட்டும்போது சுருதி சரியாக இருக்கும். அழுத்தி வாசித்தால் கோணலாகக் கேட்கும். பாவம், கற்றுக்கொள்கிற பிள்ளை தன் காதையும் சந்தேகப்படும்.

அப்படியானால் கம்பியை நன்றாக இறக்கிவிடலாமா? கூடாது. மீட்டிய கம்பி ஒரே கோட்டில் நிற்காது. மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடும். நடுவில்தான் அதிகமாக ஆடும். அது ஆட இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஃப்ரெட்டில் இடித்து "ஜிர்ர்" என்று இரையும்.

ஆக, வலிக்கவும் கூடாது, இரையவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடம் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். வாசிக்கும் கைக்கு ஏற்பவும் மாறும்.

வீணையைப் பாருங்கள். அதில் 24 மெட்டுகள். கறுப்பு மெழுகில் பதித்திருப்பார்கள். நான்கு கம்பிகள் மெட்டுகளுக்கு மேலே ஓடும். வாசிப்பவர் கம்பியை அழுத்துவதோடு விடமாட்டார். பக்கவாட்டில் இழுப்பார். கமகம் அப்படித்தான் பிறக்கிறது. இழுக்கும்போது கம்பி விரலுக்கு அடியிலிருந்து நழுவக் கூடாது. கம்பி அடுத்த மெட்டில் உரசவும் கூடாது. அதனால் ஒவ்வொரு மெட்டும் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மெழுகில் பதிப்பார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். நாளாக ஆக மெழுகு இறுகிப்போகும், மெட்டு தேயும். அப்போது மெழுகை எடுத்துவிட்டு மறுபடி மேளம் கட்ட வேண்டும். கிட்டாரில் இந்த வசதி இல்லை. ஃப்ரெட் மரத்திலேயே இறுகி உட்கார்ந்திருக்கும்.

மகாராஷ்டிரத்தில் மிரஜ் என்ற ஊர் இருக்கிறது. சிதாரும் தம்பூராவும் செய்வதில் பேர்போன ஊர். 2024-இல் மிரஜ் சிதாருக்கும் தம்பூராவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. கிட்டாரில் இரைச்சல் கூடாது என்றோம். தம்பூராவில் அந்த இரைச்சல்தான் அழகு! அதன் குதிரை அகலமானது. மேற்பரப்பு மெல்ல வளைந்து சரியும். கம்பி அந்தச் சரிவை மயிரிழை அளவுக்குத் தொட்டும் தொடாமலும் அதிரும். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூலைச் செருகுவார்கள். நூலை இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள். ஓரிடத்தில் வந்ததும் ஒலி "ஙொய்ய்" என்று விரிந்து அறையை நிறைக்கும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்று பொருள். சும்மா வைத்த பெயரல்ல.

இதற்கு நேர் எதிராக, கம்பி நன்றாக உயர்ந்தே இருக்க வேண்டிய வாத்தியங்களும் உண்டு. கோட்டு வாத்தியத்தில் மெட்டே கிடையாது. ஒரு மரத்துண்டைக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஷ்வ மோகன் பட் தன் கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புக் கோலை வழுக்கி இந்துஸ்தானி இசை வாசிப்பவர். அந்த வாத்தியத்துக்கு மோகன வீணை என்று பெயர் வைத்தார். அதை வாசித்து 1994-இல் கிராமி விருதும் பெற்றார். அப்படி வாசிக்கும் கிட்டாரில் கம்பி தாழ்ந்து இருந்தால் இரும்புக் கோல் ஃப்ரெட்டில் இடிக்கும். அங்கே உயரம் குறை இல்லை, தேவை.

நம் மகளோ கம்பியை விரலால் அழுத்த வேண்டியவள்.

தாத்தாவின் நூல், தாயின் மில்லிமீட்டர்

தாத்தா தன் பழைய பெட்டியைத் திறந்தார். அதிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார்.

"பன்னிரண்டாவது ஃப்ரெட்ல அளக்கணும். அதுதான் கம்பியோட பாதி. சர்ச்சுல வாத்தியம் ரிப்பேர் பண்ண வந்த ஒரு வெள்ளக்காரத் தாத்தா அந்தக் காலத்துல சொல்லிக் கொடுத்தாரு."

கிட்டாரின் கழுத்தில் புள்ளிகள் இருக்கும். பெரும்பாலும் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய இடங்களில் ஒற்றைப் புள்ளி. பன்னிரண்டில் இரட்டைப் புள்ளி. மகள் எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

தாத்தா ஸ்கேலை நிறுத்தி வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ஒரு நூலுக்கு மேல இருக்கும் போல. கோடு தெரியலியே."

நூல் என்பது தச்சர் கணக்கு. ஒரு அங்குலத்தில் எட்டு நூல். தையல்காரர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். "நாம பார்க்கறேன் குடுங்கப்பா" என்று தாய் வாங்கினாள். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு கதை உண்டு. முதலில் அவள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனபோது எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. தன் மண்டையில் ஏறாது என்று மூன்றாம் நாளே நின்றுவிட்டாள். அடுத்த வருடம் இலவசக் கண் முகாமில் கண்ணாடி கொடுத்தார்கள். எறும்பெல்லாம் நின்றுவிட்டது. இப்போது பேருந்துப் பலகை, ரேஷன் ரசீது, தையல் கணக்கு எல்லாம் அவளே படிக்கிறாள்.

ஸ்கேலில் ஒரு பக்கம் அங்குலம். மறுபக்கம் சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குள் பத்துச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். இந்த ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் கோடும் இருந்தது.

பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேல் இதற்கு உதவாது. அதில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். ஸ்டீல் ஸ்கேலில் விளிம்பிலேயே பூஜ்யம் தொடங்கும். விளிம்பை ஃப்ரெட்டின் தலையில் வைக்க வேண்டும். கம்பியின் அடிப்பக்கம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பியை அழுத்தக் கூடாது. சுருதி சேர்த்த பிறகுதான் அளக்க வேண்டும். கிட்டார் வாசிக்கும் நிலையில் இருப்பது நல்லது.

தாய் படித்தாள்.

"தடிச்ச கம்பி, நாலு மில்லிமீட்டர். மெல்லிசு கம்பி, மூணரை."

"நாலுன்னா ஒண்ணேகால் நூல். இரும்புக் கம்பி போட்ட கிட்டாருக்கு இது ரொம்ப ஜாஸ்தி. தடிச்ச கம்பி முக்கால் நூல்ல நிக்கணும். மெல்லிசு அதைவிடக் கொஞ்சம் கீழ."

தாய் மனக்கணக்குப் போட்டாள். ஒரு நூல் சுமார் 3.2 மில்லிமீட்டர். முக்கால் நூல் 2.4 மில்லிமீட்டர். தாத்தா சொன்னது சரிதான். இரும்புக் கம்பி கிட்டாருக்குத் தடித்த கம்பியில் ஏறக்குறைய இரண்டரை, மெல்லிய கம்பியில் இரண்டு அல்லது அதற்குச் சற்றுக் குறைவு என்பதே பலர் வைக்கும் அளவு. நைலான் கம்பி போடும் கிட்டார் வேறு ரகம். நைலான் கம்பி இறுக்கம் குறைந்தது, அகலமாக ஆடும். அதில் தடித்த கம்பி நான்கு மில்லிமீட்டர், மெல்லிய கம்பி மூன்று என்று வைப்பார்கள். அது அதிகமே அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. நைலான் கம்பிக்கென்று செய்த கிட்டாரில் இரும்புக் கம்பி மாட்டவே கூடாது. இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கும். ஒரு பெரிய அரிசி மூட்டையின் பாரம். நைலானுக்குச் செய்த மெல்லிய பலகை அதைத் தாங்காது. பலகை வீங்கும். கம்பியைப் பிடிக்கும் குதிரை பெயர்ந்து வரும். "சத்தம் நல்லா வரும்" என்று சொல்லி மாட்டிக் கெடுத்த கிட்டார்கள் ஏராளம்.

முதலில் எதைப் பார்ப்பது?

மகளுக்கு அவசரம். "தாத்தா, அந்தக் குதிரை மேல இருக்கிற வெள்ளைத் துண்டைத் தேச்சுட்டா போதும்ல?"

"இரு பாப்பா. தேச்சதை ஒட்ட வைக்க முடியாது. முதல்ல ஏன் ஏறுச்சுன்னு பாப்போம்."

இது தச்சரின் நிதானம். கிட்டார் கடைகளில்கூட எல்லாரிடமும் இது இருப்பதில்லை.

தாத்தா முதலில் குதிரையின் பின்பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. குதிரை பெயரவில்லை என்று பொருள். நுழைந்திருந்தால் முதலில் ஒட்டும் வேலை. பிறகு ஸ்கேலை முகப்புப் பலகையின் குறுக்கே வைத்தார். குதிரைக்குப் பின்னால் பலகை கொஞ்சம் வயிறு போட்டிருந்தது.

"எங்க மாட்டி வச்சிருந்த?"

"அந்தச் சுவத்துல."

மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் பிடிக்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். பலகை உப்பினால் குதிரை உயரும். குதிரை உயர்ந்தால் கம்பி உயரும். சாவி தேடிய இடத்தில் பூட்டும் கிடைத்த மாதிரி ஆயிற்று. கிட்டாரை அன்றே உள்சுவருக்கு மாற்றினார்கள். பத்து நாள் அப்படியே விட்டார்கள். வயிறு கொஞ்சம் தணிந்தது. முழுதும் போகவில்லை. இரும்புக் கம்பி கிட்டாருக்குக் கொஞ்சம் வயிறு இருப்பது இயல்புதான்.

அடுத்தது கழுத்து. கம்பிகள் இழுக்கிற இழுப்பில் கழுத்து வில் போல முன்னால் வளையும். இலேசான வளைவு நல்லது, கம்பி ஆட இடம் தரும். அதிகமானால் கெடுதி. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலால் அழுத்த வேண்டும். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு விரலால் அழுத்த வேண்டும். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர் மட்டக்கோல் ஆகிவிடும். நடுவில், ஆறாவது ஏழாவது ஃப்ரெட்டில், எவ்வளவு இடைவெளி என்று பார்க்கலாம். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். இந்தக் கிட்டாரில் இரண்டு கார்டு சேர்ந்து நுழைந்தது. அதற்கு மேலும் இடம் இருந்தது.

இரும்புக் கம்பி கிட்டாரின் கழுத்துக்குள் பெரும்பாலும் ஓர் இரும்புத் தண்டு இருக்கும். டிரஸ் ராடு என்று பெயர். அதை ஆலன் கீயால் முறுக்கலாம். சைக்கிள் கடையில் ஆலன் கீ இரவல் வாங்கினார்கள். வட்ட ஓட்டைக்குள் கையை விட்டுத் தாத்தா திருப்பினார். கடிகாரம் சுற்றும் பக்கமாக, கால் சுற்று. அவ்வளவுதான். பிறகு சுருதி சேர்த்து மறுபடி பார்த்தார். இன்னும் கால் சுற்று. ஒரு கார்டு அளவுக்கு வந்தது. நிறுத்திவிட்டார். இறுகிப்போய்த் திரும்பாத ராடை மல்லுக்கட்டித் திருப்பினால் உடைந்துவிடும். உடைந்தால் கிட்டாரே போயிற்று.

மூன்றாவது, கழுத்தின் தலைப்பக்கம். கம்பிகள் ஒரு சின்ன வெள்ளைத் துண்டின் வெட்டுகளில் உட்கார்ந்து போகும். இதை நட் என்பார்கள். மகளுக்கு எஃப் என்ற கார்டு வரவே இல்லை. முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய கார்டு அது. நட் உயரமாக இருந்தால் யாருக்கும் அது வராது. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பார்த்தார்கள். காகித அளவு வெளிச்சம் தெரிந்தால் சரி. இங்கே இரண்டு கம்பிகளில் அதைவிட நிறையத் தெரிந்தது. தெருக்கோடியில் நகை வேலை செய்பவரிடம் மெல்லிய அரம் இரவல் வாங்கி, அந்த இரண்டு வெட்டுகளை மட்டும் தாத்தா ஆழப்படுத்தினார். இரண்டு இழுப்பு, ஒரு சோதனை. மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு சோதனை. அரத்தைத் தலைப்பக்கமாகச் சாய்த்தே பிடித்தார்.

இதற்குப் பிறகு தாய் மறுபடி அளந்தாள். தடித்த கம்பி மூன்றரை. மெல்லிய கம்பி மூன்று.

"இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்" என்றாள்.

துணிக் கொடிக் கணக்கு

இப்போதுதான் குதிரை மேல் நிற்கும் வெள்ளைத் துண்டுக்கு வந்தார்கள். அதற்குச் சேடில் என்று பெயர். எலும்பிலும் செய்வார்கள், பிளாஸ்டிக்கிலும் செய்வார்கள்.

"ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்னா சேடில்ல ஒரு மில்லிமீட்டர் தேய்க்கணும். சரிதானேம்மா?" என்றாள் மகள்.

தாத்தா சிரித்தார். "உங்கம்மாவைக் கேளு. தினம் துணி காயப் போடுறா."

தாய் யோசித்தாள். வெளியே கொடிக் கயிறு இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்தது. ஒரு முனையை இரண்டு அடி இறக்கிக் கட்டினால் என்ன ஆகும்? அந்த முனை இரண்டு அடி இறங்கும். மறுமுனை இறங்காது. நடுவில் எவ்வளவு இறங்கும்?

"ஒரு அடி" என்றாள் தாய். உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. "பன்னிரண்டாவது ஃப்ரெட் பாதி தூரம். அங்க ஒண்ணு இறங்கணும்னா, இந்த முனையில ரெண்டு தேய்க்கணும்!"

பெரும்பாலான கிட்டார்களில் நட்டிலிருந்து சேடில் வரை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது ஃப்ரெட் 325-இல் இருக்கும். ஆகவே அங்கே எவ்வளவு இறங்க வேண்டுமோ, அதைப்போல் இரண்டு மடங்கு சேடிலில் எடுக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எடுக்க இருக்கிறதா? குதிரைக்கு மேலே சேடில் எவ்வளவு தெரிகிறது என்று தாய் அளந்தாள். ஐந்து மில்லிமீட்டர். இரண்டு போனால் மூன்று மிஞ்சும். பரவாயில்லை. கம்பி சேடில் மேல் ஏறி, நன்றாகச் சரிந்து கீழே இறங்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் ஓசைக்குப் பலம் இருக்காது.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார்கள். சேடிலைத் துணி சுற்றிய குறடால் மெல்ல உருவினார்கள். தாய் அடிப்பக்கத்திலிருந்து அளந்து பென்சிலால் கோடு போட்டாள். இரண்டு மில்லிமீட்டருக்குப் போடவில்லை. ஒன்றரைக்குப் போட்டாள்.

"ஜாக்கெட் துணியை வெட்டும்போது கொஞ்சம் விட்டுத்தானே வெட்டுறோம்" என்றாள். தாத்தா தலையாட்டினார்.

சேடிலின் மேல்பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. அதில் வளைவு இருக்கிறது. அடிப்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும். அடி தட்டையாக இருக்க வேண்டும். கோணலாகத் தேய்ந்தால் குதிரையின் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது, ஓசை சில கம்பிகளில் மங்கும். சமையல் மேடைக் கடப்பாக் கல்லின் மேல் உப்புத்தாளை விரித்தார்கள். சேடிலை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் தேய்த்தார் தாத்தா. பத்து இழுப்புக்கு ஒரு முறை துண்டைத் திருப்பிப் பிடித்தார். அழுத்தம் ஒரே பக்கம் விழாமல் இருக்க இப்படிச் செய்வார்கள். வெள்ளைத் தூள் மாவு போல விழுந்தது. கோடு வந்ததா என்று தாய்தான் பார்த்துச் சொன்னாள்.

மாட்டிச் சுருதி சேர்த்தார்கள். தடித்த கம்பி இரண்டே முக்கால். மெல்லிய கம்பி இரண்டேகால். கணக்கு பிசகவில்லை. ஒன்றரையில் பாதி முக்கால். முக்கால்தான் இறங்கியிருந்தது.

மகள் வாசித்துப் பார்த்தாள். விரல் பட்டதும் கம்பி அழுந்தியது. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுபடி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"இன்னும் அரை மில்லிமீட்டர் எடுத்திடலாமா?" என்று தாய் கேட்டாள்.

தாத்தா, "ஓங்கி அடிச்சு வாசி பாப்பா, தெருவுல பாடுற மாதிரி" என்றார். மகள் ஓங்கி அடித்தாள். தடித்த கம்பி ஓரிடத்தில் இலேசாக "ஜிர்" என்றது. மெல்ல அடித்தபோது அது கேட்கவில்லை.

"போதும். இதுக்கு மேல இறக்குனா தெருவுல கத்தும். இவ கைக்கு இதான் அளவு."

மெதுவாக, விரல் நுனியால் வாசிக்கிறவருக்கு இன்னும் இறக்கியிருக்கலாம். கூட்டத்தோடு சேர்ந்து பலமாக மீட்டுகிறவளுக்குக் கொஞ்சம் உயரம் வேண்டும். முக்கால் நூலுக்குச் சற்று மேலேயே கம்பி நின்றது.

இரைச்சல் எங்கே?

சிலர் வீட்டில் கம்பி உயரமாக இருக்காது. இரைச்சல்தான் தொல்லையாக இருக்கும். அப்போது இரைச்சல் எங்கே கேட்கிறது என்று கவனித்தால் காரணம் பெரும்பாலும் அகப்படும். எங்கும் அழுத்தாமல் சும்மா மீட்டும்போது மட்டும் இரைந்தால் நட்டின் வெட்டு ஆழமாகிவிட்டது. முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் இரைந்தால் கழுத்து அதிகமாக நிமிர்ந்திருக்கலாம். பன்னிரண்டுக்கு மேலே இரைந்தால் சேடில் தாழ்ந்திருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை வீட்டில் தட்டிப் பார்க்க வேண்டாம். தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பி சரியான உயரத்தில் இருந்தாலும் புதிதாகக் கற்பவருக்கு இரண்டு மூன்று வாரம் விரல் நுனி வலிக்கும். பிறகு தோல் தடித்துவிடும். வீணை வாசிப்பவர்களின் விரலில் கம்பித் தடம் பள்ளமாகவே இருக்கும். விரல் வழுக்கிப் போகப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் வைத்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் ரத்தம் வந்தால் அது பழக்கமின்மை அல்ல. ஸ்கேலை எடுக்க வேண்டும். அழுத்தும் இடமும் முக்கியம். ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நட்டநடுவில் அழுத்தினால் அதிகப் பலம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்களுக்கு ஆன செலவு உப்புத்தாளுக்கும் ஒரு செட் புதுக் கம்பிக்கும்தான். எஃப் கார்டில் இன்னும் ஒரு கம்பி செத்த ஓசைதான் தருகிறது. மகள் அதை விடுவதாக இல்லை. டிசம்பருக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

விஷயம் லைன் முழுதும் பரவிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வீட்டுப் பையன் தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இதையும் தேச்சுக் குடுங்கக்கா. விரல் வலி தாங்கல."

தாய் கண்ணாடியை மாட்டினாள். ஸ்கேலை வைத்தாள். ஒரு தாளில் எழுதினாள்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி: 3.5 மி.மீ.
வேண்டிய அளவு: 2.5 மி.மீ.
குதிரைக்கு மேலே தெரியும் சேடில்: 2 மி.மீ.

எழுதியதைத் திரும்பப் படித்தாள். உப்புத்தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

"தம்பி, இது சேடில் தேச்சுத் தீர்ற வேலை இல்ல. தாத்தா எழுந்திரிக்கட்டும், முதல்ல கழுத்தைப் பாப்போம்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? தாளில் உள்ள மூன்று அளவுகளையும் எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.